பத்துப் பொம்மையில் ஒரு படை: மேசைப் போர் விளையாட்டு, கேள்வி பதில்

சின்னச் சின்னப் பொம்மைகளை வச்சு மேசை மேல ஆடுற போர் விளையாட்டுக்குப் புதுசா ஒரு சின்னப் படை சேர்க்கணும், எங்க இருந்து தொடங்குறதுன்னு கேட்டவங்களுக்கான பதில்கள் இவை. ஒரே கேள்வியை நாலு ஊர்ல இருந்து அனுப்பியிருக்கீங்க. எல்லாத்துக்கும் நீளமாப் பதில் வராது. பேரை விட்டுட்டு ஊரை மட்டும் போட்டிருக்கேன்.

ஹட்டன்: அண்ணே, வார்ஹாமர் 40,000ங்கிற போர் விளையாட்டு வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை வந்திருச்சு. சம்பளத்துல கொஞ்சம் சேர்த்து வச்சிருக்கேன். முதல்ல எந்தப் பெட்டியை வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க தம்பி. எதிர்ப்பக்கம் உட்காரப் போற ஆளை முதல்ல பிடிங்க. நீங்க ஹட்டன்ல ஒரு விளையாட்டை வாங்கி, உங்க கூட்டாளி டிக்கோயாவுல வேற ஒண்ணை வாங்கினா, ரெண்டு பேரும் அவங்கவங்க காம்பராவுல பொம்மையை அடுக்கி வச்சு அழகு பார்க்க வேண்டியதுதான். ரெண்டு பேரும் ஒரே விதிமுறையில, ஒரே அளவுப் பொம்மையில உடன்படணும். 28 மில்லிமீட்டர் பொம்மையும் அதை விடச் சின்ன 1/72 அளவுப் பொம்மையும் ஒரே மேசையில நின்னா அப்பனும் மகனும் மாதிரித் தெரியும்.

ஆளே கிடைக்கலையா? ரெண்டு பக்கப் படையையும் நீங்களே செய்ங்க. சின்னப் படைன்னா அது நடக்கிற காரியம். பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் உங்களுது, இந்தாங்க தாயக்கட்டை"ன்னு கொடுத்தாப் போதும். புது ஆள் கையில படையும் விதியும் தயாரா இருந்தா அவர் ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பார். "முதல்ல பெட்டி வாங்கு, ஒட்டு, பெயின்ட் அடி"ன்னா பிளேன்டீயைக் குடிச்சிட்டுப் போயிருவார்.

வார்ஹாமர் 40,000 தான் வேணும்னா, வீடியோவுல காட்டுற 2000 புள்ளிப் படையை மறந்திருங்க (ஒவ்வொரு பொம்மைக்கும் பலத்துக்கு ஏத்த புள்ளி உண்டு, அதோட கூட்டுத்தொகை இது). அதுக்கு 60 அங்குலத்துக்கு 44 அங்குல மேசை வேணும். காம்பாட் பட்ரோல்னு ஒரு பெட்டிக்குள்ள அடங்கிற சின்ன ஆட்டம் இருக்கு, அதுக்கு 44க்கு 30 போதும். கில் டீம் இன்னும் சின்னது: 30க்கு 22. எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலயும் அது அடங்கும்.

தலவாக்கலை: கையில காசு குறைவு. ஒரு படைன்னு சொல்ல ஆகக் குறைஞ்சது எத்தனை பொம்மை வேணும்?

பத்து. ஃப்ராஸ்ட்கிரேவ்னு 2015ல வந்த விளையாட்டுல ஒரு மந்திரவாதி, அவர் சிஷ்யர், எட்டு ஆள், அவ்வளவுதான் படை. மூணு அடிக்கு மூணு அடி இடம். இந்தக் கம்பெனிப் பொம்மைதான் வேணும்னு கட்டாயமும் இல்லை. கொஞ்சம் கூட வேணும்னா சாகான்னு ஒரு விளையாட்டு: ஒரு புள்ளிக்கு மெய்க்காவலர் 4 பேர், இல்லைன்னா போர்வீரர் 8 பேர், இல்லைன்னா ஊர்ப்படை 12 பேர். நாலு புள்ளியில ஆட ஆரம்பிக்கலாம். மெய்க்காவலரா எடுத்தா தலைவரோட சேர்த்து 17 பொம்மைதான். எதிர்காலத் துப்பாக்கிச் சண்டைன்னா வன் பேஜ் ரூல்ஸ். அடிப்படை விதி இலவசம், எந்தப் பொம்மையையும் ஏத்துக்கும்.

பத்தையும் பெயின்ட் அடிச்சு முடிச்ச பிறகுதான் பதினோராவது. இதை நான் இன்னொரு தடவையும் சொல்வேன், கோவிச்சுக்காதீங்க.

நுவரெலியா: பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற பிரைமர் ஸ்ப்ரே அடிச்சேன். பொம்மை முழுக்க வெள்ளையா மாவு பூத்தது மாதிரி, கையில சொரசொரன்னு இருக்கு. ஸ்ப்ரே பழசா?

ஸ்ப்ரேயில குறை இல்லைங்க, உங்க ஊர்லதான். கடல் மட்டத்துக்கு மேல 1868 மீட்டர்ல, மூடுபனிக்குள்ள நின்னு அடிச்சிருக்கீங்க. துளி பொம்மையைத் தொடுறதுக்கு முன்னாடியே காத்துல பாதி காய்ஞ்சா சொரசொரப்பு வரும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்தா வெள்ளை படியும். மேல பூசுற மேட் வார்னிஷும் இதே வேலையைக் காட்டும். அது இன்னும் மோசம், பெயின்ட் அடிச்ச வேலை முழுக்க மறைஞ்சு போகும்.

தை, மாசியில வெயில் அடிக்கிற காலை பத்து மணியிலிருந்து பகல் வரைக்கும் அடிக்கலாம். டின்னை இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் வச்சு, நல்லாக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, மெல்லிசா ரெண்டு மூணு வீச்சு. டின்னை அடுப்புக்கிட்டயோ கொதி தண்ணியிலயோ வைக்காதீங்க, வெடிக்கும். மத்த மாசத்துல பிரஷ்ல பூசுற பிரைமர்தான். பத்துப் பொம்மைக்கு ஒரு சாயங்காலம் போதும். சின்னப் படையில இது ஒரு வசதி, ஸ்ப்ரேயே தேவையில்லை.

மஸ்கெலியா: எந்தப் படை பலம்? தோற்காம இருக்கணும்.

விதி மாறும்போது பலமும் மாறும் தம்பி. பார்க்க எது பிடிக்குதோ அதை எடுங்க. பிடிக்காத படைக்கு யாரும் பெயின்ட் அடிச்சு முடிச்சதில்லை.

பண்டாரவளை: ரெசின் முப்பரிமாணப் பிரின்டர் வாங்கினா மொத்தப் படையையும் வீட்டிலேயே எடுத்துக்கலாம்தானே?

எடுக்கலாம். ஆனா இறுகாத ரெசின் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. கையுறை, காத்தோட்டமான தனி அறை, கழுவ ஐசோப்ரோப்பைல் அல்கஹோல், பிறகு புற ஊதா வெளிச்சத்துல இறுக வைக்கணும். சமைக்கிற, பிள்ளைங்க படுக்கிற அறையில வைக்கவே கூடாது. குளிர்லயும் சிக்கல்: சாதாரண ரெசினுக்கு 20 பாகைக்கு மேல சூடு வேணும், அதுக்குக் கீழ தடிச்சுப் போய் பிரின்ட் பாதியில உதிரும். பண்டாரவளையில பகல்ல சமாளிக்கலாம், ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்க முடியாது. படை தொடங்க இது வழியில்லைன்னு நினைக்கிறேன். பிரின்டர் வாங்கினவங்க பாதிப் பேர் பிரின்டரைத்தான் பழுது பார்க்கிறாங்க.

கொட்டகலை: மொத்தமா எவ்வளவு ரூபா முடியும்?

டொலரும் சுங்க வரியும் மாறிக்கிட்டே இருக்கு. வாங்குற அன்னைக்குக் கடையில கேளுங்க.

கம்பளை: நான் கணிதம் படிப்பிக்கிறேன். பாடசாலையில பிள்ளைகளுக்கு இதை அறிமுகப்படுத்தலாமா? செலவில்லாம?

நிச்சயமா சேர். காகிதத்துல அச்சடிச்ச வீரர்களை மட்டையில ஒட்டி, சோடா மூடியில நிக்க வைங்க. மூடி ஏறக்குறைய 32 மில்லிமீட்டர், பெரிய பொம்மை அடிப்பலகையோட அளவே அதுதான். பாடத்துக்கும் உதவும். ஆறு முகக் கட்டையில 4 அல்லது அதுக்கு மேல விழுந்தா அடி பட்டதுன்னா, பத்துக் கட்டைக்கு அஞ்சு அடி எதிர்பார்க்கலாம். ரெண்டு கட்டையைக் கூட்டினா 7 விழ 36ல 6 வாய்ப்பு, 12 விழ 36ல 1 தான். நிகழ்தகவைக் கரும்பலகையில சொன்னா தூங்குற பையன், தன் யானைப்படை 12 விழுந்தாத்தான் தப்பும்னு ஆனதும் நிமிர்ந்து உட்காருவான்.

கண்டி: யானைன்னதும் கேட்கிறேன். கண்டி ராஜ்ஜியப் படை செய்யப் போறேன். முதுகுல அம்பாரி கட்டின போர் யானை நாலு வேணும். எங்க வாங்கலாம்?

நாலு யானை வாங்குற காசுல முழுப் படையே முடிஞ்சிரும். அதை விடுங்க. யானை வச்சு மோதின படை வேணும்னா சீதாவக்கை ராஜ்ஜியத்துக்குப் போங்க: அதோட மன்னன் முதலாம் ராஜசிங்கன் 1587–88ல போர்த்துக்கேயரோட கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டப்போ யானைகளைக் கொண்டு போனான். கண்டிக்காரங்க ஜெயிச்சது காட்டாலயும் கணவாயாலயும். எதிரியை உள்ள விட்டாங்க. நகரத்தைக் காலி பண்ணிக் கொடுத்தாங்க. சாப்பாடும் வழியும் அடைபட்டு அவன் திரும்புறப்போ மேட்டுல இருந்து அடிச்சாங்க. 1638 மார்ச் 28ல கண்டிக்குப் பக்கத்துல கன்னொறுவையில போர்த்துக்கேயருக்கு நடந்தது அதுதான். வெறும் நகரத்தைக் கொளுத்திட்டுத் திரும்பி வந்தவங்க மாட்டிக்கிட்டாங்க.

மறுபடியும் கண்டி: அப்போ பெரஹரா ஊர்வலத்துல போற யானையெல்லாம்?

பெரஹராவுல போகுது.

பதுளை: எல்லாரும் கன்னொறுவையையே சொல்றீங்க. எங்க ஊவாவுல 1630ல ரந்தெனிவெலயில நடந்ததுக்கு என்ன குறை? போர்த்துக்கேயத் தளபதியே செத்தான்.

குறையே இல்லை, மேசைக்கு அதுதான் சுவாரசியம். அந்தத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா செத்தது, அவரோட வந்த லஸ்கரீன்கள், அதாவது உள்ளூர்ப் படையாட்கள், நடுவுல கண்டிப் பக்கம் சேர்ந்ததால. இதுக்கு விதி எழுதிப் பாருங்க: ஒவ்வொரு சுற்றிலயும் லஸ்கரீன் குழுவுக்கு ஒரு கட்டை, 1 விழுந்தா அந்தக் குழு எதிராளி கைக்குப் போகுது. எங்க கூட்டத்துல இதை ஆடினப்போ சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. மழை விழுந்தா திரித்துப்பாக்கி சுடாதுன்னும் ஒரு விதி சேர்க்கலாம். திரி நனைஞ்சா அது வெறும் தடிதான்.

கண்டி, மூணாவது தடவை: பக்கம் மாறுற படையை வச்சு விளையாடுறது நியாயமா? காசு போட்டுப் பெயின்ட் அடிச்சவன் நான், என் பொம்மை எதிராளிக்கா?

ஆட்டம் முடிஞ்சதும் திருப்பிக் கொடுப்பார் ஐயா.

பதுளை: அப்போ வெள்ளைக்காரங்களுக்கு எதிரா நடந்த 1817–18 ஊவா வெல்லச கிளர்ச்சியையும் சேர்த்துக்கலாமே?

அதை நான் மேசையில வைக்கிறதில்லை. ஊர் ஊரா எரிச்சு, வயலை அழிச்சு அடக்கின விஷயம் அது. புள்ளி போட்டு ஆட எனக்கு மனசு வராது. நீங்க ஆடினா தடுக்க மாட்டேன்.

அதுக்குப் பதிலா, சின்னப் படைக்குன்னே அளவெடுத்துத் தைச்ச ஒரு கதை இருக்கு. 1804ல கேப்டன் ஜோன்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி சுமார் 300 பேரோட மட்டக்களப்புல இருந்து கண்டிக்கு நடந்தார். பல பக்கத்துல இருந்தும் படைகள் வந்து கண்டியில சேரும்னு நம்பித்தான் போனார். கண்டிக்குள்ள நுழைஞ்சா வேற ஒரு படையும் வரலை. திட்டம் கைவிடப்பட்டிருந்தது, அவருக்குப் போன கட்டளையில குழப்பம். காயம்பட்டவங்களைத் தூக்கிக்கிட்டு, வழி முழுக்கச் சண்டை போட்டு, திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

பத்துப் பேருக்கு ஒரு பொம்மைன்னா 30 பொம்மை. காசு குறைவுன்னா 15 பேருக்கு ஒண்ணு, 20 போதும். அதுல நாலஞ்சு சுமை தூக்கிகள் இருக்கட்டும், அவங்க போனா தோட்டா போச்சு. கண்டிப் பக்கம் வெறும் 12 பொம்மை. செத்த குழு அடுத்த சுற்றுல காட்டு ஓரத்துல இருந்து திரும்ப வரலாம். அதனால 12 பேர் நூறு பேரா ஆவாங்க, நீங்க பெயின்ட் அடிக்கிறது என்னவோ 12 தான். கால் வச்ச சின்னப் பீரங்கி ஒண்ணு, கொடித்துவக்குன்னு சொல்வாங்க, அதைக் கட்டாயம் செய்ங்க. ஊசிக்குழாயும் தீக்குச்சியும் போதும். வெள்ளைக்காரப் பக்கம் மேசையோட ஒரு அகலத்துல நுழைஞ்சு மறு அகலத்துல வெளியேறணும். எத்தனை காயக்காரர், எத்தனை சுமை தப்பிச்சதுங்கிறதுதான் புள்ளி. கொன்ன கணக்கு வேண்டாம். இப்படி ஆடினா தோத்தவரும் அடுத்த கிழமை வர்றார்.

இந்தப் படைக்குன்னு பெட்டி தேடி மாசக்கணக்கா அலையாதீங்க. மேல்சட்டை இல்லாத எந்தப் பழைய காலத்து வீரனையும் எடுத்து, இடுப்புத் துணியை பைண்டர் கம்முல நனைச்ச டிஷுவால சுத்துங்க. தலைப்பாகைக்கு ஹார்ட்வெயார் கடை எபொக்சி புட்டி.

ராகலை: அந்தப் படையில தமிழர் யாராவது இருந்தாங்களா, இல்லை நாங்க சும்மா வேடிக்கை பார்க்கவா?

கண்டி மன்னர்கள் தென்னிந்தியாவுல இருந்து வடுகர்னு சொல்ற கூலிப்படையை வச்சிருந்தாங்க. 1739ல இருந்து 1815 வரைக்கும் அரியணையில இருந்ததே நாயக்கர் வம்சம். வெள்ளைக்காரப் பக்கத்துல சிப்பாய்களும் மலாய்க்காரர்களும் இருந்தாங்க. தோட்டத்துக்குன்னு நம்ம ஆட்கள் வந்தது 1820கள்ல இருந்து, கோப்பிக்காக. அதனால 1804 மேசையில தேயிலைச் செடியும் வைக்காதீங்க. லூல்கந்துரவுல ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867ல. பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரைப் பிய்ச்சு வச்சா காட்டுப் புதராகவே நிக்கட்டும், வரிசையில அடுக்காதீங்க.

லிந்துலை: மகன் குடிச்ச தேயிலைச் சக்கையை எல்லாம் ஜன்னல்ல காய வைக்கிறான். உங்க பேச்சைக் கேட்டானாம். பூஞ்சணம் பிடிச்சு நாறுது.

அக்கா, தம்பி பாதிதான் கேட்டிருக்கான். அடிப்பலகையில ஒட்ட அது நல்ல சாமான்: பிஓபிங்கிற உடைச்ச இலைத் தேயிலை காட்டுத் தரைக்கு, டஸ்ட்ங்கிற தூள் தேயிலை மண்ணுக்கு. ஆனா லிந்துலைக் குளிர்ல ஜன்னல்ல காயாது. தட்டுல பரப்பி, இளந்தீயில ஈரம் முழுக்கப் போற வரைக்கும் வறுக்கணும். ஒட்டின பிறகு தண்ணி கலந்த கம்மை மேல ஒரு தடவை பூசணும். இல்லைன்னா பொம்மைக்கும் பூஞ்சணம் ஏறும். பால் ஊத்தின தேத்தண்ணிச் சக்கையை எடுக்கவே கூடாது.

ஹப்புத்தளை: எந்தப் படை ஆகப் பலமானது?

மஸ்கெலியாவுக்குச் சொன்னதுதான்.

வெலிமடை: மழையில ஸ்ப்ரே அடிக்கலாமா, ஓரமா நின்னு?

கூடாது. நுவரெலியாப் பதிலைப் படிங்க. ரெஜிபோம்ல செஞ்ச மலை மேல வெயில்லயும் அடிக்காதீங்க, ஸ்ப்ரே பட்டா கரைஞ்சு குழி விழும்.

பொகவந்தலாவை: ஒரு பெட்டி வாங்கிட்டேன், இன்னும் ஒட்டலை. ரெண்டாவது பெட்டிக்கு விலைக்கழிவு போட்டிருக்காங்க.

பத்தை முடிங்க. பிறகு பேசலாம்.

நாவலப்பிட்டி: பழைய உலோகப் பொம்மை ஒரு பை நிறையக் கிடைச்சது. சிலதுல சாம்பல் நிறத் தூள் படிஞ்சிருக்கு. பயன்படுத்தலாமா?

பழசுல ஈயம் கலந்திருக்கும். தூள் உதிர்றது அரிச்சுப் போன ஈயமாத்தான் இருக்கும். அதை ஊதாதீங்க, காய்ஞ்ச நிலையில அரத்தால ராவாதீங்க. மோசமா அரிச்சதை மூடின டப்பாவுல போட்டு ஒதுக்கிருங்க. நல்லா இருக்கிறதை சவுக்காரத் தண்ணியில கழுவி, காய வச்சு, உடனே பிரைமர் பூசிடுங்க. ஒட்டுறதுக்கு சூப்பர் குளு. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுற சிமென்ட் உலோகத்துல பிடிக்காது. கையைக் கழுவாம எதையும் சாப்பிடாதீங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா பெயின்ட் அடிச்ச பிறகும் எட்டாத உயரத்துல வைங்க. பையில எத்தனை இருக்குன்னு எண்ணி எழுதுங்க. பத்துக்கு மேல தேறினா, எந்த விளையாட்டுக்குப் பொருந்தும்னு பார்த்துச் சொல்றேன்.