உள்ளரங்க ஓடுபாதையின் வளைவுகள் ஏன் சாய்வாக இருக்கின்றன?

கிளப்பில் ஓடிப் பழகிய ஒருவர் 35 வயதுக்குப் பிறகு முதல்முறையாக, மூத்தோருக்கான மாஸ்டர்ஸ் உள்ளரங்கப் போட்டிக்குப் போனால், பல அரங்கங்களில் திருப்பத்தின் வெளி ஓரம் மேடாக எழும்பி நிற்பதைப் பார்ப்பார். அதுதான் சாய்வு வளைவு.

வெளித்திடலில் ஒரு சுற்று 400 மீட்டர், கூரைக்கு அடியில் 200 மீட்டர்தான். வளைவின் ஆரம் 36.5 மீட்டரிலிருந்து சுமார் 17 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே வேகத்தில் திரும்ப இருமடங்குக்கு மேல் பக்கவாட்டு விசை வேண்டும். சமதரையில் அந்தப் பாரமெல்லாம் கணுக்காலில் இறங்கும், சாய்வு அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. மலைப்பாதைத் திருப்பத்தில் சாலையின் வெளிப்பக்கத்தை உயர்த்திப் போடுவதும் இதற்காகத்தான். 3000 மீட்டர் ஓடுபவருக்கு வெளியே 15 வளைவுகள், உள்ளே 30. ஐம்பது, அறுபது வயதுக் கால்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

200 மீட்டர் ஓட்டத்தில் உள் தடம் கிடைத்தால் பாவம்தான், அங்கே வளைவு மிக இறுக்கம். இந்தச் சமமின்மையால்தான் உலக உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்பில் 2004-க்குப் பிறகு அந்த ஓட்டமே இல்லை. மாஸ்டர்ஸில் இன்னும் இருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே.

அப்புறம், சாய்வு எல்லோருக்கும் வேகம் கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேகமாக ஓடுபவருக்கென்று அமைத்தது. மெதுவாக ஓடினால் உடல் உள்பக்கம் சரிவதுபோல் இருக்கும், பலன் குறைவு.