கேஸ் தீர்ந்துபோச்சா, ராத்திரி அணைக்கலாமா: ஃப்ரிட்ஜ் பற்றி நீங்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வெயிலால் வந்தவை, மீதி மெக்கானிக்குகளால் வந்தவை. பல பதில்களுக்கு அடிப்படை ஒன்றுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே, அதாவது உங்கள் சமையலறைக்குள்ளேயே தள்ளுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. கெட்டுப்போன உதிரிப் பாகத்தை விட்டுவிட்டால், மற்றப் புகார்களில் பெரும்பாலானவை உள்ளே அளவுக்கு மீறிச் சூடு நுழைவதாலோ வெளியே தள்ளிய சூடு போக இடமில்லாமல் நிற்பதாலோ வருபவை.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். குமிழில் 1 முதல் 7 வரை இருக்கிறது. கோடையில் 7 வைக்கணுமா? மாமியார் 2-க்கு மேல் திருப்பவே விடமாட்டேன் என்கிறார். (மதுரை)

மாமியாரும் நீங்களும் சண்டை போடுவது வெப்பநிலைக்காக இல்லை, வெறும் எண்ணுக்காக. அந்த 7 என்பது 7 டிகிரி இல்லை. பெரும்பாலான மாடல்களில் எண் ஏற ஏறக் குளிர் கூடும், ஆனால் எந்த எண்ணில் எத்தனை டிகிரி வரும் என்பது உங்கள் சமையலறைச் சூடு, உள்ளே எவ்வளவு அடைத்திருக்கிறீர்கள், கதவை எத்தனை முறை திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மார்கழியில் 2-ல் சரியாக இருந்த ஃப்ரிட்ஜ் சித்திரையில் அதே 2-ல் பாலைத் திரிய விடும்.

ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்குங்கள், ஃப்ரிட்ஜுக்கென்றே விலை குறைவாகக் கிடைக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, காலையில் முதல் தடவை கதவைத் திறக்கும்போதே பாருங்கள். 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் உறையக் கூடாது. ஃப்ரீசர் மைனஸ் 18 என்பது கணக்கு, சிங்கிள் டோரின் குட்டி ஃப்ரீசர் பெட்டிகள் எல்லாம் அந்த அளவுக்குப் போவதில்லை. 4-க்கு மேல் காட்டினால் ஒரு எண் ஏற்றி, மறுநாள் வரை பொறுத்து மறுபடி பாருங்கள், ஒரு மணி நேரத்தில் முடிவுக்கு வராதீர்கள்.

டபுள் டோர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பல மாடல்களில் இரண்டு குமிழில் ஒன்று, குளிர்ந்த காற்றை மேலே எவ்வளவு கீழே எவ்வளவு என்று பிரித்துவிடும் வெறும் கதவு. ஐஸ்கிரீம் கல்லாக இருக்க வேண்டும் என்று ஃப்ரீசர் குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுகிறோம், கீழ்ப் பகுதிக்குக் காற்று குறைகிறது, அப்புறம் "மேலே நல்லாத்தான் இருக்கு, கீழே மட்டும் குளிரலை" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம்.

இரண்டு பக்கச் சுவரும் கை வைக்க முடியாத சூடு. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. (திருப்பூர்)

உள்ளே சாமான் ஒழுங்காகக் குளிர்கிறதா? அதை எழுதவே இல்லையே நீங்கள். குளிர்கிறது என்றால் கேஸ் இருக்கிறது, விஷயம் முடிந்தது. பழைய ஃப்ரிட்ஜ்களில் முதுகுப்புறம் கறுப்பாகக் கம்பி வலை தெரியும், உள்ளிருந்து எடுத்த சூடு அதன் வழியாகத்தான் போகும். இப்போது வரும் பல மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கச் சுவருக்குள் வைத்து மறைத்துவிடுகிறார்கள், அதனால் சுவர் சூடாவது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். கேஸ் நிஜமாகவே போயிருந்தால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கச் சுவர் சூடாகாது, ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பனி பிடித்து மற்ற இடம் காய்ந்து கிடக்கும். உங்கள் வீட்டில் நேர்மாறாக இருக்கிறது.

ஆனாலும் தொட முடியாத அளவு சூடு என்றால் காற்றுப் போக வழியில்லை என்று அர்த்தம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைத்திருக்கிறீர்களா, மேலே துணி போர்த்தியிருக்கிறீர்களா, பாருங்கள். பின்னாலும் பக்கத்திலும் நான்கு விரல் இடமாவது வேண்டும், அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத இடமாக இருக்க வேண்டும்.

கேஸ் என்பது பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்கிற சமாச்சாரம் இல்லை. அடைத்த குழாய்க்குள் சூட்டைச் சுமந்தபடி அது சுற்றிக்கொண்டே இருக்கிறது, குறைந்தால் எங்கோ ஓட்டை என்றுதான் பொருள். ஓட்டை எங்கே என்று சொல்லாமல் "நிரப்பித் தருகிறேன்" என்பவருக்குப் பணம் கொடுத்தால் சில மாதத்தில் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். லீக்கைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, வேக்குவம் போட்டு (அதாவது குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதோ அதைத் தராசில் நிறுத்து ஏற்றுகிறாரா என்று கேளுங்கள். கேட்கிற கேள்வியிலேயே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்று, அந்த ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் சொந்தக்காரன். இருப்பது சில பத்து கிராம்தான், பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தீப்பிடிக்கும், அதோடு சிலிண்டர் கேஸ் மாதிரி வாடையும் வராது. கேஸ் குழாயில் கை வைக்கிற எந்த வேலையும் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

தினமும் ராத்திரி பத்து மணிக்கு அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் கரண்ட் மிச்சமாகுமா? (தஞ்சாவூர்)

ஆகாது. தெர்மோஸ்டாட்டே தேவைக்கு அணைத்து அணைத்துத்தான் போடுகிறது, ராத்திரியில் கதவும் திறப்பதில்லை, அதனால் அது மிகக் குறைவாக ஓடுகிற நேரமே அதுதான். நீங்கள் அணைத்து வைத்த நேரத்தில் உள்ளே ஏறின சூட்டைக் காலையில் அது மூச்சுப்பிடித்து வெளியே தள்ள வேண்டும். மிச்சம் என்று ஏதாவது இருந்தால் அது சில்லறை, நடுவில் பாலும் மீனும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பில் கிடந்திருக்கும்.

கணக்குப் பார்க்க வேண்டுமானால் கதவில் இருக்கிற ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு 180 என்று இருந்தால் நாளுக்கு அரை யூனிட், நம் இரண்டு மாத பில்லில் 30 யூனிட். வெக்கையான சமையலறையில் இதைவிடக் கூடத்தான் ஆகும். நிஜமான மிச்சம் கதவு ரப்பரில் இருக்கிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் முரண்டு பிடித்து வர வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு நுழைகிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து மடிப்பில் இருக்கிற பிசுக்கை எடுங்கள், பாதி ரப்பர்கள் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

ஃப்ரீசரில் ஐஸ் மலை மாதிரி. கத்தியால் குத்தி எடுக்கலாமா? (நாகர்கோவில்)

கூடாது. அந்தப் பெட்டியின் சுவரே மெல்லிய அலுமினியத் தகடு, அதற்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஒரு குத்துத் தவறினால் மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்ன செலவு உங்களுக்கு. குமிழின் நடுவில் இருக்கும் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உருகி முடிந்ததும் அதுவே ஓட ஆரம்பிக்கும். பனி அரை சென்டிமீட்டர் தடிமன் வந்ததுமே இதைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் பனிப்படலம் போர்வை மாதிரி, சூட்டை இழுக்க விடாது. சீக்கிரம் சீக்கிரம் பனி பிடித்தால் ஈரக்காற்று எங்கிருந்தோ வருகிறது, ரப்பரைப் பாருங்கள், மூடாமல் வைத்த குழம்புப் பாத்திரத்தையும் பாருங்கள்.

சாம்பாரும் சாதமும் நன்றாக ஆறிய பிறகுதான் உள்ளே வைக்கணும் என்று மத்தியானம் சமைத்ததை ராத்திரி வைக்கிறேன். சரிதானே? (சேலம்)

ஃப்ரிட்ஜின் நல்லதுக்கு ஆற வைக்கிறீர்கள், உங்கள் வயிற்றை மறந்துவிட்டீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு, வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம், சேலத்துக் கோடையில் உங்களுக்கு இரண்டாவது கணக்குதான். சாதத்தில் இது இன்னும் முக்கியம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை, ஆறும்போது முளைத்து ஒரு நச்சை உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது.

அதற்காகக் கொதிக்கிற குண்டானை அப்படியே உள்ளே தள்ளவும் வேண்டாம், பக்கத்தில் இருக்கிற தயிரையும் சேர்த்துச் சூடாக்கிவிடும், கண்ணாடித் தட்டும் விரிசல் விடலாம். அகலமான இரண்டு மூன்று பாத்திரத்தில் பிரித்து ஊற்றி, தண்ணீர்த் தட்டில் வைத்து, ஆவி அடங்கியதும் மூடி உள்ளே வையுங்கள். இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை. (பழைய சோறு என்ன ஆச்சு என்று யாராவது கேட்பீர்கள். அதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம், புளிப்பு ஏறுவது கிருமிகளுக்குப் பிடிக்காது. உலர்ந்த சோற்றை மேசையில் மறந்து வைப்பது அதுவாகாது.)

புயல் நேரத்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனால் உள்ளே இருக்கிற மீனை என்ன செய்வது? (வேளச்சேரி)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அதனால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்ப் பகுதி சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். தனிக் கதவுள்ள ஃப்ரீசர் நிறைய அடைத்திருந்தால் 48 மணி நேரம், பாதி காலியாக இருந்தால் 24. சிங்கிள் டோரின் உள்பெட்டி இந்தக் கணக்கில் சேராது, அது சீக்கிரம் உருகிவிடும். புயல் எச்சரிக்கை வந்ததுமே தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி ஃப்ரீசரின் காலி இடங்களில் அடுக்கிவிடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.

மீனில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், இல்லை உடனே சமைக்கலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாகக் கிடந்திருந்தால் வேண்டாம். குறிப்பாகச் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி. இவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வரும். வாடை வராமலே இது நடக்கலாம், அதனால் மூக்கை நம்பாதீர்கள்.

வெள்ளத் தண்ணீர் உள்ளே ஏறிய ஃப்ரிட்ஜை மட்டும் நீங்களாகப் போட்டுப் பார்க்காதீர்கள். காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் ரிலேயிலும் ஒயரிலும் ஈரம் நிற்கும். ஆள் வந்து பிரித்துப் பார்க்கட்டும்.

மாநகராட்சிக்காரர்கள் வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொசுப் புழு இருக்கிறது என்று திட்டிவிட்டுப் போனார்கள். அங்கே ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது! (கோயம்புத்தூர்)

நிறையப் பேருக்குத் தெரியாது. உருகிய பனித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரசருக்கு மேலேயோ பக்கத்திலோ இருக்கும் அந்தத் தட்டில் சேர்ந்து, சூட்டில் ஆவியாக வேண்டும். முழுதும் ஆவியாகாத தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வசதியான இடம், தெளிந்த தண்ணீர், இருட்டு. வாரம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கழற்றிக் கொட்டி, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் பிழைத்திருக்கும். தட்டு கழற்ற வராத மாடல் என்றால் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள்.

தண்ணீர் தட்டுக்கு வராமல் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தேங்குகிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது வடிகால் ஓட்டை அடைப்பு, கொத்தமல்லித் தழை ஒன்று போதும் அடைக்க. ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அந்த ஓட்டையில் அழுத்துங்கள்.

இன்சுலினைக் கதவுத் தட்டில் வைக்கிறோம், சரியா? (யாழ்ப்பாணம்)

வேண்டாம். கதவுதான் உள்ளேயே சூடு அதிகமாக ஏறி இறங்குகிற இடம். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், நடுத் தட்டில் ஒரு டப்பாவுக்குள், பின்சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஒரு முறை உறைந்துவிட்டால் இளகினாலும் பயன்படுத்தக் கூடாது. பிரித்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டியில் இருக்கிற தாளைப் பாருங்கள், இல்லை மருந்துக் கடையில் கேளுங்கள்.

கைப்பிடியைத் தொட்டால் லேசாக ஷாக். செருப்புப் போட்டால் இல்லை. (விழுப்புரம்)

செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள், இன்றைக்கே மெயினை அணைத்து, கை காய்ந்திருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். ஃப்ரிட்ஜில் எங்கோ கசிவு இருக்கிறது, அதை இழுத்துக்கொண்டு போக வேண்டிய எர்த் வேலை செய்யவில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் ஷாக் வரும். மூன்று பின் பிளக்கின் எர்த் காலை ஒடித்துவிட்டோ, இரண்டு பின் அடாப்டரிலோ செருகியிருக்கிறீர்களா? வாடகை வீடு என்றால் பிளக் பாயிண்டில் எர்த் ஒயரே இழுக்காமலும் இருக்கலாம். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை போட வேண்டாம், அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்ததும் கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் போர்டில் மாட்டச் சொல்லுங்கள், ஈரக் கையோடு குழந்தைகள் தண்ணீர் பாட்டில் எடுக்கிற வீட்டில் அது அவசியம்.

வீடு மாறுகிறோம். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோகலாமா? (ஈரோடு)

நிற்க வைத்தே கொண்டுபோங்கள். வேறு வழியில்லாமல் படுக்க வைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், புது வீட்டில் நிமிர்த்தி வைத்து குறைந்தது படுத்திருந்த அளவு நேரமாவது விட்டு, நீண்ட பயணம் என்றால் ஒரு நாள் விட்டு, அப்புறம் போடுங்கள்.