கீறலா, துளையா? ஹெர்னியா கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொடையிடுக்கு ஹெர்னியா பற்றியவை. தசையில் இருக்கும் ஓட்டை வழியே குடல் புடைத்து வருவதுதான் அது. சரிசெய்ய இரண்டு வழி: இடுக்கில் கீறிச் செய்வது, அல்லது சிறு துளைகளில் கேமரா விட்டுச் செய்வது. பாதிப் பேர் வயதை எழுதவில்லை, எந்தப் பக்கம் என்றும் எழுதவில்லை. எழுதியவர்களுக்கு முதலில் பதில்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வேலை. வயது 38, வலப்பக்கம் வீக்கம். எதில் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம்?

துளை வழியில். எதில் செய்தாலும் அன்று மாலையே எழுந்து நடக்கலாம். கனம் தூக்க, துளை என்றால் இரண்டு மூன்று வாரம், கீறல் என்றால் நாலைந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கலும் விடாத இருமலும் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்யுங்கள்.

அப்பச்சிக்கு 74 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. துளை வழி செய்யலாமா? (தேவகோட்டை)

கீறிச் செய்வதே நல்லது. துளை வழிக்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும். கீறும்போது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து முடித்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டர் சொல்லட்டும்.

லேசரில் செய்தால் வலை வைக்க வேண்டாம் என்கிறார்கள். கீறுவது பழைய முறை இல்லையா? (காரைக்குடி)

இந்த 'லேசர்' என்ற வார்த்தை என்னை விடாது போலிருக்கிறது. போன மாதம் ஒரு பெரியவர் நாலாக மடித்த நோட்டீஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் விரித்தார். 'லேசர் ஹெர்னியா, கத்தியில்லை, தழும்பில்லை' என்று அச்சடித்திருந்தது. அவரைப் படுக்க வைத்தேன். எலுமிச்சை அளவு வீக்கம் களக்கென்று உள்ளே போனது. எழுந்து இருமச் சொன்னேன், திரும்ப வந்தது. தசையில் இருக்கும் அந்த ஓட்டையை லேசர் ஒளி மூடாது. மூடுவது வலைதான்.

மேசை டிராயரில் வைத்திருந்த வலையை அவர் கையில் கொடுத்தேன். கொசுவலைத் துணி மாதிரி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. கீறிச் செய்தால் இதைத் தசைக்கு முன்பக்கம் வைத்துத் தைப்போம். துளை வழியில் மூன்று சிறு துளை, ஒரு கேமரா. வலை தசைக்குப் பின்பக்கம் போகும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆயுள் முழுக்க அது உள்ளேயே இருக்கும், எடுக்க வேண்டியதில்லை.

கீறுவது பழசு என்பதும் தவறு. இன்று உலகம் முழுக்கக் கீறிச் செய்யும் லிக்டென்ஸ்டைன் வலை முறை 1980-களில் வந்தது. துளை வழி 1990-களின் தொடக்கத்தில் பரவியது. இரண்டுக்கும் பத்து வருஷ இடைவெளிகூட இல்லை. கைதேர்ந்தவர் செய்தால் இரண்டிலும் ஹெர்னியா திரும்ப வருவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான். கீறியவர்களில் பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வலி இழுக்கலாம். துளையில் அது குறைவு. ஆனால் துளை வழி கைக்குப் படிய ஐம்பது, நூறு ஆபரேஷன் ஆகும். அதனால் டாக்டரிடம் 'லேசர் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், 'இதை எத்தனை செய்திருக்கிறீர்கள்' என்று கேளுங்கள்.

எது பெஸ்ட்? எவ்வளவு ஆகும்?

வயது, பக்கம், முன்பு செய்த ஆபரேஷன், சாப்பிடும் மாத்திரை எதுவும் எழுதாமல் இதற்குப் பதில் இல்லை. எழுதி அனுப்புங்கள்.

12 வருஷத்துக்கு முன் கீறிச் செய்தேன், அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது. இப்போது இடப்பக்கமும் இருக்கிறது. (பள்ளத்தூர்)

துளை வழி, சந்தேகமே வேண்டாம். முன்பக்கம் பழைய தழும்புத் திசு இறுகிக் கிடக்கும், பின்பக்கம் யார் கையும் படாத இடம். அதே மூன்று துளைகளில் இரண்டு பக்கமும் முடியும். புராஸ்டேட் ஆபரேஷன் ஏதும் செய்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், முடிவு மாறலாம்.

பெல்ட் போட்டே காலம் தள்ளலாமா?

பெல்ட் ஓட்டையை மூடாது. தொந்தரவே இல்லாத ஆண்கள், டாக்டர் பார்த்துச் சொன்னால் காத்திருக்கலாம். வீக்கம் இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே கிளம்புங்கள்.

பேரனுக்கு ஒன்றரை வயது, அழுதால் இடுக்கில் புடைக்கிறது. தொப்புள் மாதிரி தானாகச் சரியாகுமா? (கானாடுகாத்தானிலிருந்து ஆயா)

ஆகாது ஆச்சி. தொப்புள் வேறு, இது வேறு. வலையும் வேண்டாம், சின்னக் கீறலில், குடல் இறங்கும் பையைக் கட்டிவிட்டால் போதும். தள்ளிப் போடாதீர்கள். இறுகினால் அந்த நேரமே.

எனக்கு 55. இடுக்கில் சின்ன உருண்டை. பொம்பளைக்கு ஹெர்னியா வராது என்கிறார்கள்.

வரும். பெண்களுக்குத் தொடைக் கால்வாய் வழியாக வருவதும் உண்டு, அது சீக்கிரம் இறுகும். அதனால்தான் பெண்களுக்குக் காத்திருக்கச் சொல்வதில்லை. தொடையிடுக்கு, தொடைக் கால்வாய் என்ற இரண்டு ஓட்டையையும் ஒரே வலையில் மூடலாம் என்பதால் துளை வழி பொருந்தும். இந்த வாரமே காட்டுங்கள்.