இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள்: படத்தொகுப்பில் சரிசெய்ய முடியுமா?

கேள்வி: கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறேன். ஜனவரித் தொடக்கத்தில் காவிரிப் படித்துறையில் இரண்டு நண்பர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியைக் கைபேசியில் எடுத்தோம். ஒருவரைக் கீழ்ப்படியிலிருந்தும், மற்றவரை ஆறு தெரியும்படி மேற்படியிலிருந்தும் எடுத்தேன். சேர்த்துப் பார்த்தால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் இருக்கிறது. 40,000 ரூபாய் கட்டினால் படத்தொகுப்பு கற்றுத்தந்து இதையும் சரிசெய்து தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். இந்தப் பிழை படத்தொகுப்பில் நேர்ந்ததன்று. கேமரா கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏறியபோதே நேர்ந்துவிட்டது. பேசும் இருவரையும் இணைத்து ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொண்டு, அதன் ஒரே பக்கத்தில் நின்று இருவரையும் எடுத்திருந்தால், ஒருவர் திரையின் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் பார்த்திருப்பார்கள். நீங்கள் கோட்டைத் தாண்டியதும் இரண்டாமவரின் லுக், அதாவது திரையில் அவர் பார்க்கும் திசை, மாறிவிட்டது. 180 டிகிரி விதி என்பது இவ்வளவுதான். விஷுவல் கம்யூனிகேஷன் வகுப்புகளில் இதைப் படம் வரைந்து விளக்கச் சொல்லி மதிப்பெண் போடுகிறார்களே தவிர, அலமாரியில் பூட்டிக் கிடக்கும் கேமராவை ஒரு பிற்பகல் மாணவர் கையில் கொடுப்பதற்கு மனம் வருவதில்லை.

அந்த மையத்தார் செய்யப்போவது பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டாமவரின் ஷாட்டைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகப் புரட்டுவார்கள். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளிலேயே அதைச் செய்துவிடலாம். லுக் சரியாகும், ஆனால் சட்டைப்பை வலது மார்புக்குப் போகும், கைக்கடிகாரம் கை மாறும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னால் ஓடும் காவிரி கடலை விட்டு மேற்கே திரும்பும். உங்கள் ஊர்ப் படித்துறையில் ஆற்றைப் பார்த்து நின்றால் தண்ணீர் இடமிருந்து வலமாகப் போகும் என்பதை அறியாதவர் அங்கே யார்? இந்த மையத்தாரைப் போலவே, பணம் கட்டினால் இணையவழித் திரைப்பட விழாவில் விருது என்பவர்களையும், தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கோட்டைத் தாண்டவே கூடாதா என்றால், தாண்டலாம். பார்ப்பவர் கண்ணெதிரே தாண்ட வேண்டும். நண்பர்களில் ஒருவர் எழுந்து, மற்றவரைக் கடந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தால் கோடும் அவரோடு நகர்ந்துவிடும். அதன்பின் புதிய கோட்டை ஒட்டிக் கேமராவை வைக்கலாம். ஆனால் எழுவது, நடப்பது, உட்காருவது மூன்றும் ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும். எழுவதைக் காட்டி வெட்டி, உட்கார்ந்தபின் எடுத்ததை ஒட்டினால், அவர் இடம் மாறியது நமக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. உங்கள் காட்சியில் யாரும் எழவில்லையாதலால் இந்த விலக்கு உங்களுக்கு உதவாது.

ஆகவே இரண்டாமவருக்கு மட்டும் கீழ்ப்படியிலிருந்து பேட்ச் ஷாட், அதாவது பிழையான ஷாட்டுக்கு ஈடாகப் பின்னர் எடுத்துச் சேர்க்கும் ஷாட், எடுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு, ஆறு மணலாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். அங்கிருந்து எடுத்தால் பின்னணியில் படிகள்தாம் வரும். அதே சட்டை இருக்கட்டும். கைபேசியில் வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். வசனத்தைத் துண்டு துண்டாக வாங்காமல் முதலிலிருந்து முழுவதும் பேசச் சொன்னால், தலை திரும்பும் இடத்திலோ கை உயரும் இடத்திலோ வெட்டுவதற்கு வசதியாக இருக்கும். ஜனவரி வெயில் சாய்வானது. கோடையில் அதே மணிக்கு நிழல் வேறு படியில் விழும். கடிகாரத்தை நம்பாமல், பழைய ஷாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிழலின் நீளம் ஒத்துவரும் வேளையில் எடுங்கள்.