அறிவியல் கேள்வி–பதில்: நினைவகமும் காணொளியும்

கேள்வி: கணினியை அணைத்ததும் ரேமில் இருந்தவை எல்லாம் மறைந்துவிடுகின்றன. பென் டிரைவில் வைத்தவையோ பல மாதங்கள் கழித்தும் அப்படியே இருக்கின்றன. இரண்டும் சிப்தானே, ஏன் இந்த வேறுபாடு?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: இரண்டிலும் தகவல் மின்னூட்டமாகவே தங்குகிறது. அந்த மின்னூட்டம் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. இன்று நம் கணினிகளில் உள்ள ரேம், டி-ரேம் என்னும் வகையைச் சேர்ந்தது. இதற்கான கருத்தை 1966-இல் உருவாக்கியவர் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு. 1 அல்லது 0 என்னும் ஒரு பிட்டைத் தாங்க ஆறு டிரான்சிஸ்டர்கள் கொண்ட சுற்றை அமைக்க அங்கே முயன்றுகொண்டிருந்த வேளையில், ஒரே டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்று அவர் கண்டார். 1968 ஜூன் மாதம் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அது மிகச் சிறிய மின்தேக்கி என்பதால் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, ஏறத்தாழ 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை நினைவகத்தின் எல்லா வரிசைகளையும் படித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் இந்தப் புதுப்பித்தலும் நின்றுவிடுகிறது. நீங்கள் சொல்லும் மறைவு அதனால் நேர்வதே.

பென் டிரைவில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். மின்கடத்தாப் படலத்தால் நாற்புறமும் சூழப்பட்ட ஒரு மின்வாயிலுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தலாம் என்பதை 1967-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாவோன் காங், சைமன் சி ஆகிய இருவரும் காட்டினர். அந்த அடித்தளத்தின் மேல் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987-இல் தம் குழுவினருடன், இன்று பென் டிரைவ்களில் உள்ள அதன் நாண்ட் வகையையும் அறிவித்தார். சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். அப்படியானால் ரேமுக்குப் பதிலாக ஃபிளாஷையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். எலெக்ட்ரான்களைப் படலத்தின் ஊடாக உள்ளே செலுத்தவும் வெளியேற்றவும் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். அதற்கு நேரமும் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் படலம் சிறிது சேதமடையும். நொடிக்குக் கோடிக்கணக்கான முறை எழுதி அழிக்கும் வேலைக்கு அது தாங்காது.

கேள்வி: திரையில் படம் காட்டுவதற்குத் தனி நினைவகம் எதற்கு?
(வாசகி, ஈரோடு)

பதில்: திரை பொதுவாக ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், படத்தின் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எங்கோ ஓரிடத்தில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அந்த இடத்தை ஃபிரேம் பஃபர் என்பார்கள். 1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயிண்ட், 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட படத்தைப் புள்ளிக்கு 8 பிட் வீதம் வைத்திருந்தது. அதாவது 3,07,200 பைட்கள். அன்று அது பெருஞ்செலவு. பின்னர் டி-ரேம் மலிவானபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நினைவகத்துக்கு இருந்ததோ ஒரே வாசல். அதன் வழியே திரை இடைவிடாமல் படித்துக்கொண்டிருந்ததால், புதிய படத்தை எழுத வேண்டிய செயலி காத்துக் கிடந்தது. ஐபிஎம் ஆய்வாளர்களான டில், லிங், மாடிக் ஆகிய மூவரும் 1980-இல் இதற்கு இரண்டாவது வாசலை அமைத்தனர். நினைவகத்தின் ஒரு முழு வரிசை ஒரே அடியில் சிப்புக்குள்ளேயே இருக்கும் வேறொரு பதிவேட்டுக்கு, அதாவது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் இடத்துக்கு, நகலெடுக்கப்படும். அங்கிருந்து திரைக்குச் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போதே செயலி தன் வேலையைத் தொடரலாம். இவ்வளவு எளிய மாற்றம்தான், ஆனாலும் கணினி வரைகலையின் வேகத்தை அது பெரிதும் உயர்த்தியது.

கேள்வி: ஒரு முழுத் திரைப்படம் இரண்டு ஜிபிக்குள் எப்படி அடங்குகிறது?
(ஆசிரியர், புதுச்சேரி)

பதில்: அடங்கவே கூடாத அளவு அது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு ஃபிரேமுக்கு (காணொளியின் ஒரு தனிப் படத்துக்கு), புள்ளிக்கு மூன்று பைட் வீதம், ஏறத்தாழ 62 லட்சம் பைட்கள் தேவை. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 670 ஜிபியைத் தாண்டும்.

இதைச் சுருக்கும் வழிகளில் முதன்மையானது டிஸ்கிரீட் கொசைன் மாற்றம் என்னும் கணித முறை. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, இதை ஆராய நிதி கேட்டு 1972-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்று கூறி நிராகரித்துவிட்டார்கள். அவர் விடவில்லை, தம் மாணவர் டி. நடராஜனுடனும், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ராவுடனும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். எளிமையைக் குறையாகக் கருதிய அந்தத் தீர்ப்பை இன்று படித்தாலும் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் சிப்பில் வன்பொருளாக வடிக்க முடிந்ததற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

நடைமுறையில் படம் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தின் 64 ஒளி அளவுகள், மெதுவான மாறுதல் முதல் நுண்ணிய மாறுதல் வரையிலான 64 கூறுகளின் அளவுகளாக மாற்றப்படுகின்றன. இந்த மாற்றத்தில் எதுவும் தொலைவதில்லை. அடுத்த படியில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்கூறுகள் தோராயமாக்கப்படும்போது பெரும்பாலானவை பூச்சியமாகி, மிகக் குறைந்த இடத்தில் அடங்கிவிடுகின்றன. ஜேபெக் படங்களும் எம்பெக் காணொளிகளும் இந்த மாற்றத்தையே பயன்படுத்துகின்றன. 2003-இல் வந்த எச்.264 என்னும் காணொளிச் சுருக்க முறை இதனை முழு எண் கணக்காகத் தோராயப்படுத்திக்கொண்டது.

மற்றொரு வழி, அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இடையே மாறியதை மட்டும் அனுப்புவது. ஒரு பகுதி எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்தால் போதும். ஆனால் அதைக் காட்டும் கருவி முந்தைய ஃபிரேம்களை வைத்திருக்க வேண்டும். எச்.264 முறையில் 16 ஃபிரேம்கள் வரை அப்படிக் காத்து வைக்க இடமுண்டு. டென்னார்டு காட்டிய மலிவான நினைவகம் இல்லாவிட்டால், அகமதுவின் கணிதம் மட்டும் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் வந்திருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: சில காணொளிகளைப் பார்க்கும்போது மட்டும் செல்பேசி சூடாகிறதே?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: அந்தக் காணொளி சுருக்கப்பட்ட முறைக்கு ஏற்ப, சுருக்கியதை விரித்துக் காட்டும் மின்சுற்று உங்கள் செல்பேசியின் சிப்பில் இல்லாதிருக்கலாம். 2018-இல் வெளியான ஏவி1 முறைக்குப் பழைய சிப்களில் அத்தகைய சுற்று கிடையாது. பொதுச் செயலியே எல்லாக் கணக்கையும் போட வேண்டியிருப்பதால் மின்கலமும் வேகமாகக் குறையும். காணொளி பார்க்கும் ஆப்பில் எச்.264 வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதற்கு மாறிப் பாருங்கள்.