கடலோர ஊருக்குக் குடிபெயரும் முன்: காட்பாடி வாசகருக்குப் பதில்

கேள்வி:

நான் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். எனக்கு வயது 61, மனைவிக்கு 57. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலைப்படி சேர்த்து மாதம் 68,000 ரூபாய் வருகிறது, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெறுவது) எடுக்கவில்லை. வங்கி வைப்பில் 32 லட்சம் உள்ளது. காட்பாடி காந்தி நகரில் 1999-ல் கட்டிய வீடு இன்று 90 லட்சத்துக்குப் போகும் என்கிறார்கள். வேலூர் வெயிலை இனியும் எங்களால் தாங்க முடியவில்லை. இந்த வீட்டை விற்று, கடலோர ஊர் ஒன்றில் 60 லட்சத்தில் வீடு வாங்கி, மீதி 30 லட்சத்தை வங்கியில் போட எண்ணுகிறோம். புதுச்சேரி, தரங்கம்பாடி, திருச்செந்தூர் ஆகிய மூன்று ஊர்கள் மனத்தில் உள்ளன. மனைவியின் அக்கா குடும்பம் தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாற்றில் இருக்கிறது. மகள் பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். மனைவி சர்க்கரை நோய்க்காக சி.எம்.சி. மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்கிறாள். எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

பதில்:

ஐயா, ஊரின் பெயரைச் சொல்வதற்கு முன் தங்கள் கேள்வியையே சற்று மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். ஓய்வுக்குப் பின் ஊர் மாற நினைக்கும் தம்பதியர் பெரும்பாலும் இருவரும் நல்ல நடமாட்டத்தோடு இருக்கப்போகும் முதல் பத்தாண்டுகளை மனத்தில் வைத்தே ஊரைப் பார்க்கிறார்கள். எனக்குக் கவலை தருவது அதற்கு அடுத்து வரும் காலம். இருவரில் ஒருவர் மட்டும் அந்த வீட்டில் இருக்கப்போகும் காலம். துணைவியார் தங்களைவிட நான்கு வயது இளையவர் என்பதாலும், பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களுடையதைவிடக் கூடுதல் என்பதாலும், அந்தக் காலத்தை அவர் தனித்துக் கழிக்க நேரலாம் என்று வைத்துத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் மனம் கனக்கும் செய்தி இது. ஆனாலும் இதைத் தள்ளிவைத்துவிட்டு எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் அது பாதித் தேர்வாகவே இருக்கும்.

இதில் பணத்தின் பங்கு தெளிவானது. தங்களுக்கு இப்போது கடைசி ஊதியத்தில் 50 சதவீதம் ஓய்வூதியமாக வருகிறது. தங்களுக்குப் பின் துணைவியாருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம், தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு மட்டும் உயர்த்தப்பட்ட விகிதம் பொருந்தும் காலம் முடிந்த பிறகு, கடைசி ஊதியத்தில் 30 சதவீதம்தான். இன்றைய அகவிலைப்படி அளவில் தங்கள் 68,000 ரூபாய் என்பது துணைவியாருக்கு 40,800 ரூபாயாக ஆகும். வருமானம் ஐந்தில் இரண்டு பங்கு குறையும்போது செலவு அதே அளவு குறைவதில்லை. வீட்டு வரி, மின்கட்டணம், பழுதுபார்ப்பு, மருந்து ஆகியவை அப்படியே நிற்கும். தங்கள் வண்டியில் சென்ற இடங்களுக்கெல்லாம் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே, மாதம் 40,800 ரூபாயில், உறவோ நட்போ கூப்பிடு தூரத்தில் இருக்க, மருத்துவமனைக்கு யாருடைய துணையும் இன்றிப் போய்வரக்கூடிய கடலோர ஊர் எது என்பதே தாங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து, மீதியாகும் என்று தாங்கள் எழுதியுள்ள 30 லட்சத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக மொத்தம் 9 சதவீதம் ஆகிறது. 60 லட்சத்துக்கு அது 5,40,000 ரூபாய். விற்பதிலும் வாங்குவதிலும் தரகுக்கென ஒன்றரை முதல் இரண்டு லட்சம், வாங்கிய வீட்டைச் சீர்படுத்தவும் சாமான்களை ஏற்றி இறக்கவும் குறைந்தது மூன்று லட்சம் என்று வைத்தால், கையில் நிற்பது 20 லட்சத்தை ஒட்டிய தொகைதான். வருமான வரி ஒரு ரூபாய்கூட இல்லை என்ற நிலையிலேயே இந்தக் கணக்கு.

வரியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தங்கள் வீடு 2001-க்கு முன் வந்தது என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை, பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேற்படாமல், அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது 9 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 81 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீதம் என்றால் வரி சுமார் 10.1 லட்சம். 2025-26 நிதியாண்டின் பணவீக்கக் குறியீடான 376-ஐ (2001-02-க்கு அது 100) வைத்து அடக்க விலையைச் சரிக்கட்டினால் அது 33.84 லட்சமாக உயர்ந்து, லாபம் 56.16 லட்சமாகக் குறைந்து, 20 சதவீத வரி சுமார் 11.2 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்கு இவ்விரண்டில் குறைந்ததைக் கட்டினால் போதும். விற்றதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினால், அதில் முதலீடு செய்த அளவுக்கு லாபத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வீடு வாங்கி முடிக்கவில்லை என்றால், அந்தத் தொகையை வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் செலுத்தியிருக்க வேண்டும். சாதாரண வைப்பில் போட்டுவிட்டு விலக்கைக் கோர முடியாது. விலக்கையும் சேர்த்து இரு வழிகளிலும் கணக்கிட்டுத் தரும்படி ஆடிட்டரிடம் கேளுங்கள். தங்கள் நிலையில் வரி மிகக் குறைவாகவோ இல்லாமலோ போக வாய்ப்புண்டு. மேலும், 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்தை வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குச் செலுத்த வேண்டும். விற்கும்போது தங்களிடம் பிடிப்பார்கள். வாங்கும்போது தாங்கள் பிடித்தாக வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து ஓர் ஊருக்குள் நுழைந்துவிட்டு, அந்த ஊர் ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வருவதற்கும் ஏறத்தாழ இதே செலவு ஆகும். அதனால்தான் முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். 60 லட்சம் பெறும் வீட்டுக்கு அப்பகுதிகளில் மாதம் 14,000 ரூபாய் வாடகை என்று வைத்தால் ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். தங்கள் வைப்பிலிருந்து 30 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றினால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 8.2 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 2,46,000 ரூபாய், அதாவது காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். பணத்தைப் போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாது. 60 லட்சம் பெறும் வீட்டின் வாடகையை, அதில் பாதித் தொகையின் வட்டியே கட்டிவிடுகிறது. கணக்கைத் துணைவியாருடன் கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள். அவருக்கு 60 வயது நிறைந்ததும் அவர் பெயரில் தனிக் கணக்கும் தொடங்க இயலும்.

தாங்கள் அப்படி வாடகைக்கு இருக்கும் காலத்தில் காந்தி நகர் வீட்டை வாடகைக்கு விடலாம். ஒரு பக்கம் வி.ஐ.டி., இன்னொரு பக்கம் சி.எம்.சி. என்று இரண்டு பெரிய நிறுவனங்களின் பணியாளர்கள் வீடு தேடும் பகுதி அது. வாடகை கிடைப்பதற்குத் தவிக்க வேண்டிய இடமன்று. கடலோரச் சிற்றூர்களில் அந்த நிலை கிடையாது. வருகின்ற வாடகையில் 30 சதவீதம் கழித்தே வரி கணக்கிடப்படும். ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். தெரிந்தவர்தானே என்று வாய்வார்த்தையில் விட வேண்டாம்.

இனி ஊர்களைப் பார்ப்போம். திருச்செந்தூரை நான் முதலில் ஒதுக்குகிறேன். முருகன் மீதுள்ள பக்தி தங்களை அங்கே இழுத்திருக்கலாம், அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே தங்களுக்கு உறவு இல்லை, மகளுக்கு அது ஓர் இரவுப் பயணம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளித் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கிப் பயணிகள் தவித்ததும் நினைவிருக்கும். சர்க்கரை நோயாளியான ஒருவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, மருந்து வந்து சேரும் வழி அறுந்துபோகும் ஊர் பொருந்தாது. ஆண்டுக்கு இரண்டு முறை சென்று தரிசித்துத் தங்கி வருவதற்கான செலவு தங்கள் வருமானத்தில் தாராளமாக அடங்கும்.

புதுச்சேரிக்கு மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை பெரிய பலம். வேலூரிலிருந்து ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பகலிலேயே போய்வரும் தூரம் என்பதால் பழைய மருத்துவர்களிடம் வந்து காட்டிக்கொள்வதும் இயலும். ஆனால் விலை கூடுதல். 60 லட்சத்தில் நல்ல இடத்தில் தனி வீடு கிடைப்பது கடினம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நகருக்கு வடக்கே பொம்மையார்பாளையம், சின்ன முதலியார்சாவடி போன்ற இடங்களில் கடலை ஒட்டி வாங்க ஆசைப்பட வேண்டாம். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் அக்கரை பல ஆண்டுகளாக அரிக்கப்பட்டு வருகிறது. நகருக்குள்ளும் தாழ்வான பகுதிகள் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்வித்தபோது எந்தத் தெருக்களில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அங்குள்ள கடைக்காரர்களிடமே கேட்டு அறியுங்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் முத்திரைத் தீர்வை விகிதம் வேறு. தமிழக அரசு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் அங்குள்ள எந்தெந்த மருத்துவமனைகள் சேர்ந்துள்ளன என்பதையும் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரங்கம்பாடி பக்கம் என் மனம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்வது கோட்டைக்கு அருகே கடல் தெரியும் வீடு அன்று. அக்கா வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில், பொறையாற்றில், கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் உள்ளே தள்ளிய வீடு. 2004 சுனாமியை நேரில் கண்ட கரை அது. கடற்காற்று உள்ளே தள்ளிய வீட்டுக்கும் மாலையில் வந்து சேரும்; உப்புக் காற்று கம்பிகளையும் ஏ.சி. வெளிப்பெட்டியையும் அரிப்பதோ தூரம் கூடக்கூடக் குறையும். காரைக்கால் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே அரசு பொது மருத்துவமனையும் ஜிப்மர் கிளையின் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. சி.எம்.சி.யில் கிடைக்கும் எல்லாமே அங்கே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதப் பரிசோதனையை அங்கே செய்துகொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனைக்கு வேலூர் வருவது என்ற ஏற்பாட்டுக்குத் தங்கள் மருத்துவர் ஒப்புகிறாரா என்று முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அந்தச் சொல்லுக்கு என் கணக்குகள் அனைத்தையும்விட அதிக மதிப்புக் கொடுங்கள்.

அப்பகுதியில் சொத்து வாங்குவதில் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. காவிரிக் கடைமடையில் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் சொந்தமான நிலம் மிகுதி. அந்த மனையில் தலைமுறைகளாக வீடு கட்டி வாழ்பவர் வீட்டை விற்பதாகச் சொன்னாலும், மனை அவருடையதாகாது. தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று அவ்வூர் வழக்கறிஞரை வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலும், உப்பனாற்றுக் கழிமுகங்களின் கரையோரத்திலும் கட்டிடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும் என்பதால், கட்டிட அனுமதியின் நகல் இல்லாத வீடு அங்கே எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். வாங்கிய அன்றே, 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை எடுத்துவிடுங்கள். புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடங்கும், காப்பீட்டுத் தொகை மனையின் விலையைத் தவிர்த்துக் கட்டுமானச் செலவை வைத்தே அமையும்.

வாடகைக்குப் போவதை ஆவணியில் தொடங்குங்கள். சித்திரை, வைகாசியில் வேலூரின் நூற்றுப் பத்து டிகிரி வெயிலிலிருந்து போய் இறங்குபவருக்கு எந்தக் கடற்கரையும் சொர்க்கமாகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஒரு புயல் எச்சரிக்கையையும் அந்த வீட்டில் இருந்து பார்த்த பிறகு, கிணற்று நீர் கோடையில் உப்பேறுகிறதா என்றும் பார்த்த பிறகு, முடிவுக்கு வாருங்கள். அந்த ஓராண்டுக்குள், தாங்கள் பெங்களூருவில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கியிருங்கள். துணைவியார் பொறையாற்று வீட்டில் தனியாக இருக்கட்டும். வங்கிக்குப் போவது, மருந்து வாங்குவது, மின்சாரம் போனால் ஆளை அழைப்பது, காரைக்கால் மருத்துவமனைக்குச் சென்று திரும்புவது ஆகிய எல்லாவற்றையும் அவரே செய்து, அந்த மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்தச் செலவு 40,800 ரூபாய்க்குள் அடங்கி, இங்கே இருந்துகொள்ள முடியும் என்று அவரே சொன்னால் காந்தி நகர் வீட்டை விற்பனைக்குக் கொண்டுவந்து, புதிய வீட்டை இருவர் பெயரிலும் பதிவு செய்யுங்கள். அவருக்குத் தயக்கம் இருந்தால் காந்தி நகர் வீடு வாடகையிலேயே இருக்கட்டும். பொறையாற்று வாடகை வீட்டில் தாங்கள் விரும்பும் காலம் வரை இருந்துவிட்டு வேலூருக்குத் திரும்பலாம்.