கட்டிலுக்கு அடியில் ஒரு விருந்தாளி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: வீட்டுக்குப் புதிதாக வந்த நாய். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, வணக்கம். காப்பகத்திலிருந்து இரண்டு வயது நாயை அழைத்து வந்து ஐந்து நாள் ஆகிறது. வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு வெளியே இழுத்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. எங்களைப் பிடிக்கவில்லையோ? திருப்பிக் கொடுத்துவிடலாமா என்கிறார் என் கணவர்.

பதில்: "இழுத்துக் காட்ட" என்ற அந்த இரண்டு சொற்கள் இல்லாதிருந்தால், கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். முதல் வேலையாக, பார்க்க வருகிறவர்களை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். வருத்தப்பட்டால் படட்டும். இந்த வீட்டில் உங்கள் நாய் பத்திரமானது என்று நம்புவது அந்தக் கட்டிலடி ஒன்றைத்தான். அங்கும் கையை விட்டு இழுத்தால், அதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழி பல்.

முகத்தைத் திருப்புவது வெறுப்பல்ல. 'எனக்குச் சண்டை வேண்டாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்' என்பதை நாய்கள் அப்படித்தான் சொல்லும். தின்ன எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லாம் அதே பேச்சுதான்.

என் வீட்டுக்கு வந்த மணி பதினோரு நாள் தையல் மெஷினுக்கு அடியில் கிடந்தான். நான் மருத்துவர், ஊரார் நாய்களை எல்லாம் மேஜைமேல் நிறுத்தி ஊசி போட்டவள். என் வீட்டு நாய் என்னைக் கண்டு மிதிபலகைக்குப் பின்னால் ஒடுங்குகிறதே என்று எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. சாப்பாட்டுத் தட்டை மெஷினுக்கு இரண்டடி தள்ளி வைத்துவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன். பேச மாட்டேன், திரும்ப மாட்டேன். நான்காம் நாள் இரவு, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, கூடத்தில் 'டக் டக்' என்று நகச் சத்தம் கேட்டது. வீட்டைச் சுற்றிப் பார்க்கிறான்! மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பதினோராம் நாள் காலையில் செய்தித்தாளின் நடுப்பக்கத்தில் இருந்தபோது குதிகாலில் ஈரமாக, சில்லென்று ஏதோ பட்டது. மூக்கு. அப்போதும் நான் திரும்பவில்லை. என் மருத்துவ வாழ்க்கையில் அதைவிடக் கடினமான ஒன்றைச் செய்ததாக நினைவில்லை.

காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். கைக்கணக்குதான், மணி அதில் முதல் வரியிலேயே தவறிவிட்டான். உங்கள் நாய் ஐந்தாம் நாளில் கட்டிலடியில் கிடப்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

தின்பண்டம் தரும்போது உங்கள் கையருகே வரவழைக்காதீர்கள். அது இருக்கும் பக்கமாகத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு வேளை உணவைச் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு முழுநாளுக்கு மேல் தண்ணீரையும் உணவையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் கணவரிடம் மூன்று மாதம் அவகாசம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டி. இரவு முழுவதும் அழுகிறது. "கண்டுகொள்ளாதே, இரண்டு நாளில் தானாக நிறுத்திவிடும்" என்கிறார்கள். தனி அறையில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். மனசு கேட்கவில்லை.

பதில்: கேட்காத உங்கள் மனசைக் கேளுங்கள். ஒன்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே "அழவிடுங்கள்" யோசனையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தவறு. இரண்டு நாளில் அது நிறுத்துவது பழகிவிட்டதால் அல்ல, கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்பதால்.

போன வாரம் வரை அது தாயின் வயிற்றோடு ஒட்டி, உடன்பிறந்த குட்டிகளின் மேலேயும் கீழேயுமாகத் தூங்கியது. முதுகிலும் வயிற்றிலும் சூடு இல்லாமல் அது தூங்குவது வாழ்நாளில் இதுதான் முதல் முறை. உயரமான அட்டைப் பெட்டியையோ கூண்டையோ உங்கள் படுக்கையை ஒட்டி வையுங்கள். நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள். அழுதால் கையைத் தொங்கவிடுங்கள். அது மோந்து பார்த்துவிட்டுப் படுக்கும். சில நாள் நிம்மதியாகத் தூங்கிய பிறகு, பெட்டியை இரவுக்கு ஓரடி வீதம் அதற்கென்று நீங்கள் நினைத்திருக்கும் இடத்தை நோக்கி நகர்த்துங்கள்.

நடுஇரவு அழுகை வேறு. வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். குட்டியால் சிறுநீரை அடக்க முடிகிற மணிக்கணக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவே மேல்வரம்பு. உங்கள் குட்டிக்கு மூன்று மணி நேரம். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிக்கொண்டு வெளியே போய், காரியம் முடிந்ததும் பெட்டியில் விட்டுவிடுங்கள். நடுராத்திரியில் விளையாட்டுக் காட்டினீர்களோ, மறுநாளும் அதே மணிக்கு எழுப்பும்.

வீட்டுக்குள் நனைத்துவிட்டால் மூக்கை அதில் தேய்க்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். உங்கள் எதிரில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்; அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போய்விடும். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். சிறுநீர் வாடையோடு அதற்கு ஒப்புமை உண்டு. நொதி சேர்ந்த துப்புரவுத் திரவம் வாங்குங்கள்.

கேள்வி: இருப்பதிலேயே உயர்ந்த உணவாகப் பார்த்து வாங்கிப் போட்டோம். மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு. உணவு சரியில்லையா?

பதில்: உணவில் குறை இருக்காது, அவசரத்தில்தான் குறை. முன்பு எதைத் தின்றதோ அதையே முதல் வாரம் கொடுத்து, பிறகு புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும். இடம் மாறிய பதற்றமே போதும், வயிறு கலங்க. ஆனால் தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் சேர்ந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, சுருண்டு கிடந்தாலோ பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீர் வற்றியே குட்டி இறந்துவிடும்.

கேள்வி: "தடுப்பூசி முடியும்வரை குட்டியை வெளியே விடாதே" என்கிறார் மருத்துவர். "இப்போதே நாலு பேரிடம் பழக்கு" என்கிறார் பயிற்சியாளர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும். அதுதான் சிக்கலே. அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம்வரை குட்டியின் மனக்கதவு திறந்திருக்கிறது; அந்தக் காலத்தில் பார்க்காத மனிதரும் பொருளும் பிற்பாடு அதற்கு அச்சமாகிவிடக்கூடும். ஆனால் தடுப்பூசித் தவணைகள் முடியப் பதினாறு வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். ஊசி முடிவதற்குள் கதவு சாத்திக்கொள்கிறது.

என் வழி, குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போவது. தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பாற்றல் குறைந்துகொண்டே வரும் பருவம் இது. மற்ற நாய்கள் கழித்துவிட்டுப் போன இடங்கள்தான் ஆபத்து. மடியில் வைத்துக்கொண்டு வாசலில் கால் மணி நேரம் உட்காருங்கள். குடை விரிவதை, ஹெல்மெட் போட்டவரை, ஊன்றுகோலோடு வரும் பெரியவரை, சக்கரம் வைத்த பெட்டியை அது பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்குத் தின்பண்டம். உடம்பை விறைத்தாலோ, உங்கள் கக்கத்தில் முகத்தைப் புதைத்தாலோ அன்றைக்குப் போதும், உள்ளே வந்துவிடுங்கள். தடுப்பூசி முறையாகப் போட்ட, சாதுவான நாய் உறவினர் வீட்டில் இருந்தால் அங்கும் அழைத்துப் போகலாம்.

கேள்வி: எனக்கு ஒன்பது வயது. எங்கள் நாய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அவன் சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறான். தினமும் தட்டில் கையை விட்டுப் பழக்கினால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: கண்ணா, நீ பயப்படுவது நல்லது. இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டு.

நீ சாப்பிடும்போது தினமும் ஒருவர் வந்து உன் தட்டில் கையை விட்டுக் குழப்பினால் என்ன செய்வாய்? முதல் நாள் பொறுப்பாய். நான்காம் நாள் அவர் வருவதைப் பார்த்ததுமே தட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். அவனும் அதைத்தான் செய்கிறான். உறுமியதற்காக அவனை யாரும் அடிக்கவோ திட்டவோ வேண்டாம். உறுமல்தான் எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்திவிட்டால், அடுத்த முறை மணி அடிக்காமலே கடி வரும்.

இனி அவன் சாப்பிடும்போது நீ அந்த அறைக்குள் போகாதே. பழக்குவது பெரியவர்கள் வேலை. அவன் உறுமாத தூரத்தில், பத்தடியோ பதினைந்தடியோ தள்ளி அப்பா நடந்துபோகட்டும். போகிற போக்கில் அவன் தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை அவன் பக்கம் வீசிவிட்டு நிற்காமல் போய்விடட்டும். ஆள் வந்தால் பறிபோகாது, கூடுதலாகக் கிடைக்கும் என்று அவனுக்குப் புரியச் சில வாரம் ஆகும். தூரத்தை அப்புறம் மெதுவாகக் குறைக்கலாம். அவன் உறுமல் அதிகமானால், நாய்களின் நடத்தை தெரிந்த மருத்துவரை அப்பா வீட்டுக்கே வரவழைக்க வேண்டும்.

அவன் தூங்கும்போது மேலே விழுந்து கட்டிப்பிடிக்காதே. உனக்கு ஒரு வேலை தருகிறேன். அவன் எந்த நேரத்தில் எங்கே படுக்கிறான் என்று ஒரு வாரம் நோட்டில் எழுது. காலை நீட்டி, வயிறு தெரிய மல்லாந்து தூங்கினால் அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடு.

அவன் பெயரை எழுத மறந்துவிட்டாய். நோட்டோடு சேர்த்து அதையும் அனுப்பு.